காருக்குத் தெரிந்த மூன்றாவது சாவி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தி அம்மாவும் வெளிநாட்டில் மூத்த மகள் வீட்டில் பேரப் பிள்ளைகளோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அரசாங்கப் பதிவறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன் தேதியும் நேரமும் போடாமல் எதையும் சொல்லக்கூடாது. ஆகவே, போன திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி வரைக்கும் இங்கே எல்லாரும் நலம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கீழே எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் இரண்டு வரி பேசுவதற்குள் என் வீட்டுக்காரி அதைப் பிடுங்கி மூன்றாவது வரியை அவளே சொல்லிவிடுகிறாள். இந்த விஷயத்தில் மூன்றாவது வரிதான் என் குற்றம். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தங்கள் மனசு நிம்மதியாக ஒன்று. தங்கள் கார் எங்கள் வாசலில் பத்திரமாக நிற்கிறது. ஒரு கீறல் கிடையாது. தங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டதால், ஊருக்குக் கிளம்பும் முன் காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினீர்கள் அல்லவா? நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடத்தில் தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அதுதான். இரண்டு ரிமோட் சாவிகளையும் மேசைமேல் வைத்தீர்கள். நான் உடனே ஒரு தாளை எடுத்து, 'சாவிகள் இரண்டு மட்டும், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டு ரசீது கொடுத்தேன். தாங்கள் சிரித்தீர்கள். "இதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி, வாரம் ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்" என்றீர்கள். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று ஒரு வாரம் யோசித்தேன். தாங்கள் திரும்பி வரும் அன்று இரண்டு சாவியையும் தங்கள் உள்ளங்கையில் வைத்து, "எண்ணிப் பாத்துக்கோங்க" என்று நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு லட்சியம் எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதைச் சாவி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பல் இல்லை, துவாரத்துக்குள் நுழைவதில்லை, திருக வேண்டியதில்லை. கறுப்பாக, வழவழவென்று, சட்டைப் பைக்குள் சும்மா கிடக்கிறது. நான் பத்தடி தூரத்தில் வரும்போதே கார் மடக்கி வைத்திருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் காதை விரிப்பதுபோல விரித்து, விளக்குகளைச் சிமிட்டி, 'வாங்க' என்கிறது. நான் வருவதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட ஜீவன் என் வாழ்நாளில் வேறு கிடையாது. இதை வீட்டில் சொன்னேன். "நானும் வேணும்னா காதை விரிச்சுக் காட்டறேன், போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு இதன் மகிமை தெரியவில்லை. முதல் வாரம் நான் தினமும் ஆறு தடவை வாசலுக்குப் போய்வந்தேன். காரை எடுக்கப் போகவில்லை, அது என்னைக் கண்டுகொள்வதைப் பார்க்கத்தான். ஆறு தடவையும் கண்டுகொண்டது.

திங்கட்கிழமை எனக்குக் கண் பரிசோதனை. தாங்கள் ஸ்டார்ட் செய்து வைக்கத்தான் சொன்னீர்கள், ஓட்டச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டார்ட் ஆன கார் நகராமலே நின்றால் அதற்கும் மனசு கஷ்டமாக இருக்காதா என்று ஒரு எண்ணம். "கண்ணுல மருந்து ஊத்துவாங்களே, எப்படித் திரும்பி ஓட்டிக்கிட்டு வருவீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். தெளியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன் என்றேன். "அப்ப மத்தியானச் சாப்பாட்டை எடுத்து மூடி வைக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிச் சுருக்கமாகப் பேசினால் ஏதோ நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் உட்கார வைத்து, மருந்தை ஊற்றி, அரை மணி நேரம் கண்ணைத் திறக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். சட்டைப் பையில் இருந்தால் விழுந்துவிடும் என்று சாவியை எடுத்துத் துணிப்பையில் போட்டு, பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டேன். பையில் அந்தச் சாவியும், என் கண்ணாடிக் கூடும், பாதி படித்த ஒரு வாரப் பத்திரிகையும் இருந்தன. சற்று நேரத்தில் ஒரு குரல், "ஐயா, பையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கறேங்க" என்றது. எவ்வளவு மரியாதையான குரல் என்கிறீர்கள்! "தாராளமா வைப்பா, ரொம்ப நன்றி" என்றேன். சம்பந்தி, இந்த உலகத்தில் திருடனுக்கு வாய்விட்டு நன்றி சொன்னவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டாக்டர் அழைத்தார், போனேன், வந்தேன், கையை நீட்டினேன், பை இல்லை. ஒருவேளை நாற்காலி மாறிவிட்டதோ என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போனேன். நான்காவது நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கீழ்த்தளக் கவுண்ட்டரில் கேட்டேன். பை எதுவும் வரவில்லை என்றாள் அங்கே இருந்த பெண். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மருந்து ஊற்றிய கண்ணுக்கு வெளியே வானம், தரை, மதில் எல்லாம் ஒரே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒவ்வொரு காராகத் தடவி, தங்கள் காரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பேரனின் பொம்மைப் படத்தை விரலால் கண்டுபிடித்து, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து முன்கதவோடு சேர்த்துக் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். போவோர் வருவோர் என்ன நினைத்தார்களோ தெரியாது. என்னைத் தூக்காமல் காரைத் தூக்க முடியாது என்பதுதான் அப்போது என் கணக்கு.

அப்போதுதான் அது நடந்தது. யாரும் தொடாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், கார் 'டிக் டிக்' என்றது. என் கன்னத்துக்கு நேரே பக்கக் கண்ணாடி விரிந்தது. விளக்கு சிமிட்டியது. கதவு நான்கும் தாழ் திறந்துகொண்டன. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒருவன் கட்டை விரலை அசைக்கிறான், இங்கே இத்தனை பெரிய இரும்பு காதை விரிக்கிறது! பயத்துக்கு நடுவிலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. உடனே புத்தி வந்து, சட்டென்று கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து, கையாலேயே தாழைப் போட்டேன். யோசித்துப் பாருங்கள், திருடன் கதவைத் திறந்துவிடுகிறான், சாவியில்லாத நான் ஏறி உட்காருகிறேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி 'டிக் டிக்'. தாழ் திறந்தது. நான் போட்டேன். மறுபடி திறந்தது. மறுபடி போட்டேன். முக்கால் மணி நேரம், முகம் தெரியாத ஒருவனும் நானுமாக ஒரே காரை மாறி மாறித் திறந்து பூட்டிக்கொண்டிருந்தோம். அவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று தெரியாததால் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி முஷ்டியைக் காட்டினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் திருட வந்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு எப்படிக் காதை விரித்ததோ, அதே சந்தோஷத்தோடு அவனுக்கும் விரித்ததே, அதுதான் வலித்தது.

நல்ல வேளையாகப் போன் சட்டைப் பையில் இருந்தது. எண் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றாம் எண்ணை அமுக்கிப் பிடித்தால் வீட்டுக்குப் போகும்படி நம் பெண், தங்கள் மருமகள்தான், எப்போதோ செய்து வைத்திருக்கிறாள். அமுக்கினேன். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு திட்டு விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். "நீங்க காரை விட்டு இறங்காதீங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடமாக உடன் வாழ்கிற மனுஷிக்குள் இப்படி ஒரு தளபதி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. பதினைந்து நிமிஷத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லி, காப்பீட்டு ஆபீஸில் தகவல் பதிந்து, கார் கம்பெனிக்குப் போன் போட்டு, சாவி வேலை தெரிந்த ஆளை ஆஸ்பத்திரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டாள். அதற்குள் காவல் நிலையத்திலிருந்து எனக்கே ஒருவர் பேசினார். குரலில் தூக்கம் இருந்தது.

"கார் எங்க இருக்கு?"

"நான் அதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப கார் போகலை."

"போகலைங்க. சாவிதான் போயிருக்கு."

"வீட்ல இன்னொரு சாவி இருக்குமே?"

"இருக்குங்க."

"காரும் இருக்கு, சாவியும் இருக்கு. அப்ப எதைக் காணோம்னு எழுதட்டும்?"

"நம்பிக்கையைக் காணோம்னு எழுதுங்க" என்றேன். அப்படி எழுத இடமில்லை என்று சொல்லி, ரிமோட் சாவி ஒன்று என்றே எழுதிக்கொண்டார். பதிவறை ஆளான எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வீட்டுக்காரி வாடகைக் காரில் வந்து இறங்கினாள். சாவி நம்பர் இரண்டைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவள் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை, கையில் நோட்டுப் புத்தக அளவில் ஒரு பெட்டி. இனி அவளைச் சாவிக்காரப் பெண் என்றே எழுதுகிறேன். "இறங்குங்க சார்" என்றாள். வீட்டுக்காரி முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எங்கேயோ செருகினாள். ரம்பமில்லை, அரமில்லை, சுத்தியில்லை. டாக்டர் நாடி பிடிப்பதுபோல அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திருட்டுப் போன சாவியைக் கண்டுபிடிக்கணும்னு அவசியமே இல்லை சார். அந்தச் சாவியை மறந்துடுன்னு காருக்குச் சொல்லிட்டா போதும். அப்புறம் அவன் கைல இருக்கறது வெறும் பிளாஸ்டிக்" என்றாள்.

சம்பந்தி, நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. எங்கள் பதிவறையில் காலமாகிப்போன ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால் மூன்று மனு, இரண்டு சாட்சி, ஓர் அதிகாரியின் சிவப்பு மைக் கையொப்பம் வேண்டும். அப்படியும் அடுத்த வருடப் பட்டியலில் அவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார். இந்தப் பெண்ணோ ஒரு பெட்டியைத் தட்டி, நினைவிலிருந்தே ஒருவனை வழித்துப் போட்டுவிடுவேன் என்கிறாள். மறக்கச் சொன்னால் மறக்கிற ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மொத்தம் எத்தனை சாவி சார்?" என்று கேட்டாள்.

"ரெண்டு. ரசீது போட்டிருக்கேன்" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். "கார் மூணுன்னு சொல்லுதே!"

காருக்குள்ளேயே ஒரு பதிவேடு இருக்கிறதாம், சம்பந்தி! தனக்கு எத்தனை சாவி உண்டு என்று அதுவே எண்ணி வைத்திருக்கிறதாம். நான் இரண்டு என்று கையொப்பமிட்டுக் கொடுத்ததை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முதலில் பிரமித்துப்போனேன். பிரமிப்பு அடங்கியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அதைத்தான் நான் சொல்லியாக வேண்டும். இதுதான் அந்த மூன்றாவது வரி.

கல்யாணப் பேச்சின்போது தாங்கள் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். "எங்க வீட்ல பொண்ணுங்க எங்க போறதானாலும் சொல்லிட்டுத்தான் போவாங்க" என்று. தங்களுக்கு நினைவிருக்காது. எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. என் பெண் இனி எங்களைப் பார்க்க வருவதற்கும் உத்தரவு வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று அன்றே மனசுக்குள் ஒரு கோப்பைத் திறந்து அதை முதல் தாளாக வைத்தேன். நான்கு வருடமாக அதை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கள் காரில் வந்து இறங்கும்போதெல்லாம், "மாமனாரைக் கேட்டுட்டுத்தானே வந்தே?" என்று கேட்பேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். பாவம், புகுந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பையும் கோப்பில் சேர்ப்பேன். இத்தனையும் தங்களுக்குத் தெரியாது. தெரியாதபடிதான் நான் ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து வழியனுப்பினேன்.

அப்படிப்பட்டவன், மூன்றாவது சாவி என்றதும் என்ன நினைப்பேன்? என் மேல் நம்பிக்கையில்லாமல் எதிர் வீட்டுக்காரரிடமோ யாரிடமோ ஒரு சாவியைக் கொடுத்து, 'என் சம்பந்தி காரை எப்படி வச்சிருக்கார்னு அப்பப்போ பாருங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. சாவிக்காரப் பெண், "இப்ப காருக்குள்ள இருக்கற சாவி மட்டும்தான் சார் நிக்கும். இங்க இல்லாதது எல்லாமே அழிஞ்சிடும். அந்த மூணாவது சாவியும் சேர்த்து" என்றாள். "சம்பந்தியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே" என்றாள் வீட்டுக்காரி. போன் போட்டாள். தங்கள் பக்கம் அப்போது எல்லாரும் தூங்குகிற நேரம், போன் அணைந்திருந்தது. "அவங்க எழுந்திருக்கற வரைக்கும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். நானும் கூட உட்காரறேன்" என்றாள். அப்படி ஒரு வழி இருந்தது, சம்பந்தி. அவள் எனக்காகச் சாப்பாடுகூடக் கொண்டுவந்திருந்தாள். நான்தான், "அவரைக் கேக்கணும்னு என்ன இருக்கு? என்னைக் கேட்டா அந்த மூணாவது சாவியைச் செஞ்சார்? அழிம்மா!" என்று கத்தினேன். கார்க்காரருக்குப் பதிலாக என்று போட்டு, சாவிக்காரப் பெண் நீட்டிய தாளில் கையொப்பமிட்டேன். திருடனுக்குப் பயந்து செய்தேன் என்று உங்களிடம் சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள். ஆனால் கோபத்தில் செய்தேன். வீம்பில் செய்தேன்.

அவள் எங்கள் சாவியை எடுத்து, ஸ்டார்ட் பொத்தானுக்கு நேரே பிடித்தாள். பெட்டி ஒரு சின்னச் சத்தம் போட்டது. "மறந்துடுச்சு சார்" என்றாள். ஒரு மனுஷன் தும்முகிற நேரம்தான். அதன் பிறகு கார் ஒரு தடவைகூடத் தானாகச் சிமிட்டவில்லை. எங்கேயோ ஒருவன் அமுக்கிக்கொண்டிருப்பான், இது காதை மடக்கிக்கொண்டு கல் மாதிரி நிற்கிறது. சற்று முன்வரை அவனிடம் குழைந்ததும் இதே கார்தான். சாவிக்காரப் பெண் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, சாதாரணமாக ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். தெருமுனையில் மறையும் வரைக்கும் அந்த மங்கலான வெள்ளையில் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மணிக்குக் கண் தெளிந்ததும் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ரசீதில் ஒரு சாவி குறைந்தாலும் காரைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நம் பெண்ணின் குரல். "அப்பா, மாமா காருக்கு என்ன ஆச்சு? என்னைத் தெரியாத மாதிரியே நிக்குது!"

வெளியே போனேன். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். தோளில் கைப்பை, கையில் கறுப்பாக, வழவழவென்று ஒரு சாவி. அதை அமுக்குகிறாள், உள்ளங்கையில் தட்டுகிறாள், மறுபடி அமுக்குகிறாள். கார் அசையவே இல்லை. "இது ஏதும்மா?" என்று கேட்டேன்.

"என்னுதுப்பா. மூணு வருஷம் முன்னாடி கார் வாங்கின அன்னிக்கே மாமா கொடுத்தது. 'இது உன் சாவி. அப்பா அம்மாவைப் பாக்கணும்னு தோணினா எடுத்துக்கிட்டுக் கிளம்பு, யாரையும் கேக்காத. சொல்லிட்டு மட்டும் போம்மா, இல்லாட்டி நீ வருவேன்னு நாங்க சாப்பிடாம காத்துக்கிட்டிருப்போம்'னு சொன்னார்."

"மூணு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமாதான் வேண்டாம்னார். 'உங்க அப்பாகிட்ட சொல்லிடாத, ரசீது எழுதிக் கொடுத்துடுவார்'னார்."

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் பெண்ணும் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்து ஊற்றிய கண் என்று அவர்களிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அவள் மூச்சுவிட உத்தரவு கேட்கிறாளோ என்று நான் நான்கு வருடம் வெந்துகொண்டிருந்தேன். நீங்களோ அவள் கைப்பையில் எங்கள் வீட்டுக்கு வருகிற வழியையே போட்டு, அதை வெளியில் சொல்லவும் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். அந்தக் கார் என்னைக் கண்டு காதை விரித்ததையெல்லாம் அதிசயம் என்று நினைத்தேனே! ஒரு மனுஷன் இப்படிச் செய்துவிட்டு என்னிடம் ரசீதும் வாங்கிக்கொண்டு சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கிறாரே என்பதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்டவர் செய்து கொடுத்த சாவியைத்தான் நான் வீம்புக்குக் கையொப்பமிட்டு அழித்தேன். கார் என் பெண்ணை மறந்தது என்னால்தான். என்னை மன்னித்துவிடுங்கள், சம்பந்தி. மன்னிக்க முடியாவிட்டால் நேரில் வந்து திட்டுங்கள். எழுத்தில் வேண்டாம், நான் அதைப் பத்திரப்படுத்தி வைத்துவிடுவேன்.

சம்பந்தி அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதிகம் மாடி ஏறி இறங்க வேண்டாமென்று வீட்டுக்காரி சொல்லச் சொன்னாள். பேரப் பிள்ளைகளின் உச்சியில் எங்கள் சார்பில் ஒரு முத்தம். நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், தொலைக்காமல், தொலையாமல், நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் கார் இருக்கிற இடத்தை விட்டு அசையாது. நானும் அசைய மாட்டேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை மறவாத,
ரசீது எழுதும் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்று வியாழக்கிழமை. என் பை இரண்டாவது மாடியில் அவர்களிடமே இருக்கிறதாம். கண்ணாடிக் கூட்டில் இருந்த கடைப் பெயரைப் பிடித்து என் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். போனேன். தரை துடைக்கிறவர் ஒருவர் பையைக் கையில் கொடுத்தார். அதே மரியாதையான குரல். தரை துடைப்பதற்காகப் பையை எடுத்து மேல்மாடிக் கவுண்ட்டரில் வைத்தாராம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோமாம். "யாரோட காரா இருக்கும்னு மாடி ஜன்னல்ல நின்னு அமுக்கி அமுக்கிப் பாத்தேங்க. ஒரு கார் சிமிட்டுச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு பெரியவர் உட்கார்ந்துகிட்டு நாலு பக்கமும் முஷ்டியைக் காட்டிக்கிட்டிருந்தார். உள்ளே ஆள் இருக்கற கார்ல சாவி இல்லாமலா இருக்கும், இது வேற கார்னு விட்டுட்டேன். அப்புறம் மறுபடி மறுபடி அமுக்கினேன். பதினோரு மணிக்கு மேல எந்தக் காரும் பதில் சொல்லலைங்க. அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். பரவாயில்லை, இப்போது தேவலாம் என்று சொன்னேன்.

ஆகவே, மேற்படி கடிதத்தில் 'திருடன்' என்று வருமிடங்களில் எல்லாம் 'நல்ல மனுஷர்' என்று திருத்தி வாசிக்கவும். நான் அவருக்குச் சொன்ன நன்றி மட்டும் அப்படியே நிற்கட்டும். காவல் நிலையத்துக்குப் போன் செய்து புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "அன்னிக்கும் எதுவும் போகலை, இன்னிக்கும் எதுவும் போகலை. சரிதானே?" என்றார் தூக்கக் குரல்காரர். சரிதான் என்றேன்.

சாவிக்காரப் பெண்ணை வரவழைத்தோம். மூன்று சாவிகளையும் காருக்குள் வைத்து, மூன்றையும் மறுபடி அதற்கு அறிமுகப்படுத்தினாள். பெட்டி மூன்று என்றது. இப்போது காரும் நானும் ஒரே கணக்கில் இருக்கிறோம். ஒவ்வொரு சாவியிலும் கட்ட ஒரு சின்ன அட்டை எடுத்தாள். "ஒண்ணு ஓனர், ஒண்ணு ஸ்பேர். மூணாவது யாருன்னு எழுதட்டும் சார்?" என்று கேட்டாள். என் பெண் என்றுதான் வாய்வரைக்கும் வந்தது.

"ஓனரோட பொண்ணுன்னு எழுதும்மா" என்றேன்.